கொங்கு நாட்டுத் தோட்டமும் கிணறும்



தோட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் காவிரிக் கழிமுகப் பகுதியில் வாழ்பவர் மனத்தில் வீட்டின் கொல்லைப்புறமும், அங்கே நிற்கும் வாழையும் பூஞ்செடியும் தோன்றும். ஈரோட்டுக்கு மேற்கேயோ தெற்கேயோ பத்துக் கல் சென்று, "எனக்கு ஒரு தோட்டம் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். "கிணற்றில் தண்ணீர் எப்படி?" என்பதே அங்கே முதற்கேள்வியாக இருக்கும். கொங்கு நாட்டார் விளைநிலத்தை மூன்றாகப் பிரித்து வழங்குவர். ஆற்று நீரோ வாய்க்கால் நீரோ ஏரி நீரோ பாய்வது வயல். வானத்து மழையை மட்டுமே நம்பியிருப்பது காடு. கிணற்று நீர் இறைத்துப் பயிரிடுவது தோட்டம். "காட்டுக்குப் போய்வருகிறேன்" என்று ஒருவர் புறப்பட்டால் அவர் புலியும் யானையும் உலவும் வனத்துக்குப் போகிறார் என்று வெளியூரார் மருள வேண்டியதில்லை. அவர் தமது சோளக்கொல்லையைப் பார்க்கச் செல்கிறார், அவ்வளவே.

ஆகவே கொங்கு நாட்டில் தோட்டத்தின் வரலாறு என்பது கிணற்றின் வரலாறேயாகும். மழை ஓராண்டு பொய்த்தால் காடு கருகும். ஈராண்டு பொய்த்தால் ஆறு வறண்டு வயலும் வெடிக்கும். அப்போதும் ஆங்காங்கே சில தோட்டங்கள் மட்டும் பச்சை மாறாமல் நின்றன. அவை எவ்வாறு நின்றன, எப்போது நிற்க இயலாமற் போயின என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் நாட்டின் அமைப்பைச் சற்று நோக்குவோம். மேற்கே நீலகிரியும் ஆனைமலையும் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுச் சுமந்துவரும் மழையின் பெரும்பகுதி அம்மலைகளின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலையைத் தாண்டி வருவது பெரும்பாலும் காற்றுத்தான். கொங்குச் சமவெளியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவினதே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. மண்ணோ பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும். சில முழம் தோண்டினாலே பாறை தட்டுப்படும். அப்பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த அடுக்குகளிலும் தங்கிக் கசியும் நீர்தான் கிணற்று நீர். மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் ஊறுவதுபோல இங்கே நீர் ஊறாது. இறைத்துவிட்டால், மீண்டும் ஊறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

இந்நாட்டார் பாறையை உடைத்து நீர் காணத் தொடங்கியது நேற்றோ இன்றோ அன்று. சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்து, கொங்கரை ஆநிரை மிக்கவர் என்று குறிக்கின்றது. வன்னிலத்தைக் கணிச்சியால் உடைத்துக் கண்ட ஊற்றில், கயிறு கட்டிய சிறு முகவையால் மொண்ட நீரை அவர்தம் மாடுகள் மொய்த்துக்கொண்டு நிற்கும் காட்சியை அந்நூலில் காண்கிறோம். மாடு, கயிறு, பாறைக்கிணறு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. பிற்காலக் கொங்குத் தோட்டத்தின் மூன்று உறுப்புகளும் அவையே.

ஆற்றுநீரைப் பயன்கொண்ட பெருமையும் கொங்குக்கு உண்டு. பவானி காவிரியோடு கலக்கும் இடத்திற்கு அருகே அணை கட்டி, அங்கிருந்து ஈரோட்டின் வழியே நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிய காலிங்கராயனின் பணி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயினும், காலிங்கராயன் கால்வாயின் பாசனம் ஆற்றை ஒட்டிய ஒடுங்கிய நிலத்துக்கே உரியது. அதற்கு மேட்டில் இருந்த ஊர்கள் கால்வாயைக் கண்ணாற் காணலாமேயன்றி நீரைப் பெற இயலாது. பெருந்துறை, சென்னிமலை, காங்கயம், பல்லடம், தாராபுரம் எனப் பரந்து கிடந்த மேட்டுப் பகுதிக்குக் கிணற்றை விட்டால் வேறு கதியில்லை.

1799இல் கோயமுத்தூர்ப் பகுதி கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் இப்பகுதியில் பயணம் செய்து தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். ஈரோடு அப்போது போரில் அழிந்து, மீண்டும் மெல்ல எழுந்துகொண்டிருந்த சிற்றூர். காலிங்கராயன் கால்வாயைச் சிறந்த வேலைப்பாடு என்று அவர் பாராட்டினார். எருது பூட்டி நீர் இறைக்கும் தோட்டங்களையும் அவர் கூர்ந்து கவனித்தார். அவர் எழுதிய நூலில் அவ்விறைப்புக் கருவி கபிலை என்ற பெயரால் வருகின்றது. கொங்கு நாட்டார் அதனைக் கவலை என்பர். பிற பகுதிகளில் கமலை என்றும் வழங்கும். கவலை இறைப்பவனுக்குக் கவலை ஓய்வதில்லை என்று அக்காலத்தில் யாரேனும் சிலேடை பேசியிருந்தால் அதில் வியப்பில்லை.

இக்கருவியை இன்றைய மாணவர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். ஆதலின் அதனைச் சற்று விளக்குதல் நலம். கிணற்றின் விளிம்பில் இரண்டு கற்றூண்களோ மரத்தூண்களோ நிற்கும். அவற்றின் மேலே ஒரு சக்கரம். கீழே, கிணற்று வாயை ஒட்டி ஓர் உருளை. நீர் மொள்ளும் கலத்துக்குச் சால் என்று பெயர். அதன் அடிப்புறத்தில் தோலால் தைத்த நீண்ட குழாய் ஒன்று தொங்கும்; யானையின் துதிக்கையை ஒத்திருத்தலால் அதற்குத் தும்பி என்று பெயர். சாலைத் தாங்கும் தடித்த வடக்கயிறு மேற்சக்கரத்தின் வழியாகவும், தும்பியின் வாயை மடித்துப் பிடிக்கும் மெல்லிய கயிறு கீழுருளையின் வழியாகவும் எருதுகளின் நுகத்தடியை வந்தடையும். கிணற்றங்கரையிலிருந்து சரிவாக ஒரு பாதை வெட்டியிருப்பார்கள். எருதுகள் அச்சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். ஓட்டுபவர் வடக்கயிற்றின் மேல் ஏறி அமர்ந்து தம் உடற்சுமையையும் எருதுகளுக்குத் துணையாக்குவார். சால் விளிம்பை அடைந்ததும் தும்பியின் வாய் தானே திறந்து நீரைத் தொட்டியில் கொட்டும். பின்னர் எருதுகள் பின்னோக்கி நடந்தே மேட்டில் ஏற, வெறுஞ்சால் கிணற்றில் இறங்கும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை, மீண்டும் வெயில் தாழ்ந்தபின் இருள் சூழும்வரை, இந்த ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் நடக்கும்.

இதில் பல கைகள் சேர்ந்திருந்தன. பாறையை வெட்டிக் கிணற்றை ஆழப்படுத்தியவர்கள் கல்வேலையில் வல்ல போயர்கள். சாலுக்கும் தும்பிக்கும் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர்கள். பண்ணையாட்களாகக் கவலை ஓட்டியவர்களும், பாத்தி பாத்தியாக மடை திருப்பித் தண்ணீர் கட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. தோட்டம் உடையவர் பெயரே பட்டாவில் இருக்கும். அதனைப் பச்சையாக வைத்திருந்த உழைப்பு வேறு பலருடையது. வரலாற்றைப் படிக்கும் நாம் இதனை மறத்தலாகாது.

ஒரு சோடி எருது, ஒரு கவலை, ஒரு நாள் உழைப்பு: இதற்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் ஒரு சோடியைக் கொண்டு நீர் பாய்ச்சுதல் அரிது. கிணறு ஆழமாக ஆக, ஒவ்வொரு சாலும் மேலே வர அதிக நேரம் ஆகும். பாயும் நிலமும் அதற்கேற்பச் சுருங்கும். செல்வர்கள் ஒரே கிணற்றில் இரண்டு, நான்கு கவலைகள் கட்டி இறைத்ததுண்டு. ஆனாலும் எருதின் கால் நடக்கும் வேகத்துக்கு மேல் நிலத்தடி நீர் மேலே வந்ததில்லை. பாறையின் ஊற்றுக்கும் எருதின் நடைக்கும் இடையே தானாகவே ஒரு பொருத்தம் அமைந்திருந்தது. அதனை எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. நீண்ட வறட்சியிலும் தோட்டங்கள் பல நின்றமைக்கு இப்பொருத்தமே அடிப்படை என்பது என் கருத்து.

அடிப்படை அதுவாயினும், நின்று காட்டுவதற்குத் தோட்டக்காரரின் அறிவும் வேண்டியிருந்தது. வறட்சி நீளும் என்று தெரிந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, தோட்டத்தைச் சுருக்குதல். மஞ்சள் ஒன்பது பத்து மாதம் நிலத்தில் நின்று நீர் குடிக்கும் பயிர். ஈரோட்டுக்குப் பெயர் தேடித்தந்த பயிரும் அதுவே. ஆயினும் கிணறு இறங்கிய ஆண்டில் மஞ்சளை நடத் துணிபவர் குறைவு. கரும்பும் அவ்வாறே. மூன்று நான்கு மாதங்களில் கைக்கு வரும் ராகிக்கும், சோளத்துக்கும், சிறிது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தோட்டம் ஒதுங்கும். பாத்திகள் சிறியனவாகும், சிறிய பாத்தியில் நீர் விரைவாகப் பரவும், வீணாவது குறையும். நீர் செல்லும் வாய்க்கால் நீளமாக இருந்தால் வழியிலேயே மண் குடித்துவிடும். ஆகவே கிணற்றை ஒட்டிய பாத்திகளே கடைசிவரை பிழைக்கும். தொலைவில் உள்ளவற்றை முதலில் கைவிட வேண்டும். முளைத்துவிட்ட பயிரைக் கண்முன்னே வாடவிடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த உரம் இல்லாமல் எல்லாப் பாத்திக்கும் அரைத் தண்ணீர் கட்டியவர் எல்லாப் பாத்தியையும் இழந்தார்.

பாத்திகளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் இருந்தது. முதல் உரிமை, வீட்டாரின் உணவுக்கு அன்று, எருதின் தீவனத்துக்கு. கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். எருது விழுந்தால் கவலை நிற்கும். கவலை நின்றால் கிணற்றில் நீர் இருந்தும் பயனில்லை. ஆகவே தீவனச் சோளத்துக்கு ஒரு துண்டு நிலத்தை எப்பாடுபட்டேனும் காத்தார்கள். நல்ல ஆண்டுகளில் விளைந்த சோளத்தட்டைப் போராக அடுக்கி அடுத்தடுத்த ஆண்டுகளுக்குச் சேமித்தார்கள். காங்கயம் பகுதியில் இதற்கு மேலும் ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே கொறங்காடு என்று வழங்கும் மேய்ச்சல் நிலங்களைக் கிளுவை வேலியிட்டுப் பாதுகாத்து, கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் அவற்றில் வளர்த்தனர். வெள்வேலங் காய்கள் கோடையில் கால்நடைக்கு உணவாகும். புகழ்பெற்ற காங்கய மாடுகள் அவ்வறண்ட நிலத்தில் வளர்ந்தவையே. தோட்டத்தின் பசுமைக்கு அதற்கு வெளியே இருந்த காய்ந்த காடும் ஒரு காரணம் என்பதை இதனால் அறியலாம்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் சோதித்துப் பார்த்தது தாது வருஷப் பஞ்சம். 1876ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு கோடையிலும் மழையில்லை. 1877 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வரும்வரை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி வெந்தது. மாகாணத்தில் மிகவும் துன்புற்ற மாவட்டங்களுள் கோயமுத்தூரும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்குப்படி அம்மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 17 இலட்சத்து 63 ஆயிரம். பத்தாண்டு கழித்து, 1881இல் எண்ணியபோது 16 இலட்சத்து 57 ஆயிரமே இருந்தது. பெருகியிருக்க வேண்டிய தொகை ஓர் இலட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. பசியாலும், பசியைத் தொடர்ந்து வந்த வாந்திபேதி முதலிய நோய்களாலும் மாண்டவர், பிழைக்க வழிதேடி வேற்றூருக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர் ஆகிய அனைவரும் இக்குறையில் அடங்குவர்.

அப்பஞ்சத்தில் கிணற்றுத் தோட்டங்களின் நிலை என்ன? ஆழமான கிணறு உடையவர்கள் ஒரு பருவம், இரு பருவம் தாங்கினார்கள். தானிய விலை ஏறியபோது தோட்டத்தில் விளைந்த சிறு ராகியும் பொன்னாயிற்று. ஆயினும் முதலில் முறிந்தது எது தெரியுமா? பெரும்பாலும் கிணறு அன்று, எருது. காடு கருகியதால் புல் இல்லை, தட்டுப்போர் தீர்ந்தது, கூரை வேய்ந்த ஓலையையும் தாளையும் பிரித்துப் போட்டும் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அடியில் நீர் கிடந்த கிணறுகள், இறைக்க எருதின்றிச் சும்மா கிடந்தன. மழை திரும்பிய பிறகும் உழவுக்கு மாடின்றி நிலங்கள் தரிசாகக் கிடந்தமைக்கும் இதுவே காரணம்.

எருதுக்கு அடுத்தபடியாக விழுந்தவர்கள் பண்ணையாட்கள். தோட்டம் சுருங்கும்போது வேலையும் சுருங்குமல்லவா? பாத்தியைக் கைவிட்டவர் ஆளையும் கைவிட்டார். 1860-களிலேயே ஈரோடு இருப்புப்பாதைச் சந்திப்பாகிவிட்டது; தானிய மூட்டைகள் இரயிலில் வந்திறங்கின. ஆனால் கூலி இல்லாதவன் அவற்றைக் கண்ணாற் பார்க்கலாமேயன்றி வாங்க முடியாது. அரசாங்கம் நிவாரண வேலைகளைத் தொடங்கியது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலித்திட்டப்படி, நாள் முழுவதும் கல்லுடைத்து மண் சுமந்த ஓர் ஆண்மகனுக்குக் கிடைத்தது ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். இது உயிர் தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டின் இடையில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் பலர் மடிந்துவிட்டனர். ஆகவே, தோட்டத்தைச் சுருக்கிக் காத்த அறிவைப் பாராட்டும்போது, அச்சுருக்கத்தின் விலையை யார் கொடுத்தார் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.

பஞ்சத்திற்குப் பின் அரசாங்கத்தின் பார்வை கிணறுகள்மேல் திரும்பியது. முற்காலத்தில் கிணறு வெட்டித் தோட்டமாக்கிய நிலத்துக்குக் காட்டு நிலத்தினும் மிகுதியாகத் தீர்வை விதித்து வந்தனர். கிணறு வெட்டுபவனைத் தண்டிக்கும் இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கைவிடப்பட்டது. 1883இல் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டம் வந்தது. கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் தக்காவிக் கடன் அச்சட்டத்தின்கீழ் வழங்கினர். 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய நிக்கல்சன், இம்மாவட்டத்துக் கிணற்றுப் பாசனத்தைப் பற்றி விரிவாகவும் மதிப்போடும் எழுதியுள்ளார். பின்னர் இவரே வேளாண் வங்கிகளைப் பற்றி அறிக்கை தந்து, 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகோலினார்.

இருபதாம் நூற்றாண்டில் தோட்டத்துக்குப் புதிய எருது கிடைத்தது. அது புல் தின்னாத எருது. முதலில் எண்ணெய் இயந்திரங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் இறைப்புக்கு அவற்றைப் பரப்ப ஆல்பிரடு சாட்டர்டன் பெரிதும் முயன்றார். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியதும் நிலைமை விரைந்து மாறியது. நூற்பாலைகளுக்காக இழுத்த கம்பி, தோட்டங்களுக்கும் சென்றது. 1937இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதன்பின் கோவை, இந்தியாவுக்கே நீரிறைப்புப் பொறிகளைச் செய்து தரும் நகரமாயிற்று. தோட்டத்தின் தேவையே இத்தொழிலை வளர்த்தது என்று சொல்லலாம்.

கவலை ஓட்டியவரின் முதுகுவலி தீர்ந்தது. இதனைச் சிறு நன்மையாக எவரும் கருதலாகாது. விடியுமுன் எழுந்து ஆயிரம் முறை சரிவில் இறங்கி ஏறிய மனிதனுக்கும் மாட்டுக்கும் அது விடுதலை. மோட்டார் வந்த தோட்டம் இரு மடங்கு, மும்மடங்கு விரிந்தது. பருத்தியும் மஞ்சளும் கரும்பும் வாழையும் தென்னையும் பெருகின. ஆனால் எருதின் நடை விதித்திருந்த வரம்பும் அன்றே நீங்கியது. ஒருநாள் முழுவதும் கவலை இறைத்த நீரை மோட்டார் சிறிது நேரத்தில் இறைத்துவிடும். பாறை ஊறும் வேகமோ பழைய வேகமே. கிணறு வற்றியது, ஆழப்படுத்தினார்கள். மீண்டும் வற்றியது, கிணற்றின் பக்கச்சுவரில் துளையிட்டார்கள், அடியில் துளையிட்டார்கள். பின்னர்க் கிணற்றையே விட்டு ஆழ்துளைக்குச் சென்றார்கள். சில நூறு அடியில் கிடைத்த நீர், பின்னர் ஆயிரம் அடிக்கும் கீழே போனது. ஒருவர் ஆழமாகத் துளையிட, அண்டைத் தோட்டத்தாரின் துளை வற்ற, அவரும் அதனினும் ஆழமாகத் துளையிட வேண்டியதாயிற்று. கடன் வாங்கித் துளையிட்டு வெறும் புழுதியைக் கண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஈரான் நாட்டில் மலையடிவார நீரை நிலத்தடிச் சுரங்கம் வழியாகச் சமவெளிக்குக் கொண்டுவரும் கனாத்து என்ற அமைப்புத் தொன்மையானது. நீர் தானே வழிந்து வருவதால், ஊறும் அளவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க இயலாது. இருபதாம் நூற்றாண்டில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபோது நீர்மட்டம் சுரங்கத்துக்குக் கீழே இறங்கிப் பல கனாத்துகள் வறண்டன. நம் கவலைக்கும் அவர்கள் கனாத்துக்கும் உருவத்தில் ஒப்புமை சிறிதுமில்லை. வரம்பு கட்டியதில் இரண்டும் ஒன்றே.

மின்சாரமே இறைப்பு ஆனபின், மின்கட்டணமே தோட்டத்தின் தீர்வை ஆயிற்று. கட்டண உயர்வை எதிர்த்துக் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். 1970 ஜூன் மாதத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் மூவர் உயிரிழந்தனர். நாராயணசாமி நாயுடு தலைமையில் இயக்கம் மாநிலமெங்கும் பரவியது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் 1990ஆம் ஆண்டையொட்டி எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. விளைபொருளுக்கு உரிய விலை கிடைக்காத உழவருக்கு இது நியாயமான உதவி என்பர் ஒரு சாரார். நீரை அளந்து எடுக்கும் எண்ணத்தையே இது போக்கிவிட்டது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு.

இதற்கிடையே ஆற்று நீரும் மேட்டு நிலத்தை எட்டியது. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த கீழ்பவானித் திட்டம், பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயின் வழியே 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தந்தது. அக்கால்வாய் மண்ணால் ஆன கரைகளை உடையது. அதிலிருந்து நீர் கசிந்தது. பொறியாளர் கணக்கில் அது இழப்பு. ஆனால் கசிந்த நீர் எங்கே போயிற்று? கரையோரத்துப் பாறை வெடிப்புகளில் இறங்கிக் கிணறுகளில் ஊறிற்று. கால்வாயில் நீர் நிறுத்திய மாதங்களிலும் தோட்டங்கள் அந்த ஊற்றால் பிழைத்தன. அண்மை ஆண்டுகளில் கால்வாய்க்குக் கான்கிரீட் தளமிட அரசு முற்பட்டபோது ஈரோடு மாவட்ட விவசாயிகள் இரு பிரிவாகப் பிரிந்து வாதிட்டனர். கடைமடையில் இருப்போர், கசிவை நிறுத்தினால்தான் தமக்கு நீர் வந்துசேரும் என்றனர். கரையோரத்தார், கசிவு நின்றால் கிணறுகள் மடியும் என்று போராடினர். ஒருவருக்கு இழப்பாவது மற்றவருக்கு ஊற்றாக இருக்கும்போது, நிலத்தடியில் ஓடும் நீர் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. எருதுக் காலத்தில் இக்கேள்வி ஒரே கிணற்றின் பங்காளிகளுக்குள் அடங்கிவிட்டது. "இன்று உன் முறை, நாளை என் முறை" என்று நாளையும் பொழுதையும் வகுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். தீராதபோது நீதிமன்றம் ஏறினார்கள். இன்றைய பங்காளிகள் 200 கிலோமீட்டர் தூரம் பரந்து கிடக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் கொங்கு நாட்டின் தென்னந்தோப்புகளில் பழைய காட்சி புதிய வடிவில் திரும்பியது. தென்னை, ராகியைப் போல மூன்று மாதப் பயிரன்று. ஓராண்டு கைவிட்டு மறு ஆண்டு விதைக்க இயலாது. பல ஆண்டு உழைப்பு ஒரு கோடையில் போகும். எனவே லாரியில் நீர் விலைக்கு வாங்கி ஊற்றினார்கள். எல்லா மரத்துக்கும் ஊற்ற முடியாதபோது, காய்ப்பில் சிறந்தவற்றைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டும் சொட்டுநீர் விட்டார்கள். வேரடியில் மட்டையையும் தேங்காய் நார்ச்சோற்றையும் பரப்பி ஈரம் காத்தார்கள். மற்றவை தலை ஒடிந்து நின்றன. தாது வருஷத்தில் தொலைவுப் பாத்தியைக் கைவிட்ட முன்னோரின் கணக்கே இங்கும் நடந்தது. ஆனால் முன்னோர் வறட்சி வந்தபின் சுருங்கினார்கள் என்பதை விட, எருதின் வரம்பினால் வறட்சிக்கு முன்பே சுருங்கியிருந்தார்கள் என்பதே பொருந்தும். நல்ல மழைக் காலத்தில் விரிந்த தோப்பு, வறண்ட காலத்தில் சுருங்க இடமில்லாமல் தவித்தது.

ஆழத்துக்குப் போவதில் பயனில்லை என்று கண்டபின், மேலிருந்து நீரை உள்ளே இறக்கும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவினாசித் திட்டம், பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்களின் வழியே மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கானது. அந்நீர் நேரே பாசனத்துக்கு அன்று. மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுவதற்காகவே.

பழைய தோட்டங்கள் சிலவற்றில் கவலைக்கு நட்ட கற்றூண்கள் கிணற்றங்கரையில் இன்றும் நிற்கின்றன. நீர் வற்றிய அத்தகைய கிணறுகள் பலவற்றைத் தூர்க்காமல் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் காட்டில் வழிந்தோடும் நீரை ஒரு குழியில் தேக்கி, வண்டல் படிந்தபின் தெளிந்த நீரைக் குழாய் வழியே அக்கிணற்றுக்குள் விடுகிறார்கள். ஐப்பசி மழை நன்கு பெய்த ஆண்டுகளில், அருகிலுள்ள ஆழ்துளையில் சில அடி நீர் ஏறுவதாக அவ்வாறு செய்தவர்கள் கூறுகின்றனர்.